மசக்கையும் 200 மில்லிகிராமும்

1980 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆணையர் ஜெரி கோயன் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். கருவுற்ற பெண்கள் கஃபீன் உள்ள பானங்களைத் தவிர்க்க வேண்டும், முடியாதவர்கள் மிகவும் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றார். காப்பியோடு தேநீரும் கோலாவும் அதில் அடக்கம். அறிவிப்புக்கு ஆதாரம் எலிகள். அந்த நிர்வாகத்தின் ஆய்வாளர் தாமஸ் காலின்ஸும் அவருடைய குழுவினரும் சினை எலிகளின் வயிற்றுக்குள் குழாய் வழியே கஃபீனைச் செலுத்திப் பார்த்திருந்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 80 மில்லிகிராம் என்ற அளவை எட்டியபோது சில குட்டிகள் விரல் குறைந்து பிறந்தன. அந்த அளவை 55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்குப் பெருக்கிப் பார்த்தால் 4,400 மில்லிகிராம் வருகிறது. நாற்பது கோப்பைக் காப்பி, அதுவும் ஒரே மூச்சில். பின்னர் அதே குழு கஃபீனைக் குடிநீரில் கலந்து வைத்து, எலிகள் தம் போக்கில் நாள் முழுக்கக் குடிக்கும்படி விட்டது. அப்போது விரல் குறைபாடு தென்படவில்லை. இந்த இரண்டாம் முடிவு 1983இல் அச்சானது. எச்சரிக்கை பரவி மூன்றாண்டு ஆகியிருந்தது.

அன்று தொடங்கிய வழக்கு இன்னும் முடியவில்லை. பிரிட்டன் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் கஃபீன்வரை பரவாயில்லை என்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட பேறுகாலப் பரிந்துரைகள், 300க்கு மேல் அருந்துபவர்கள் குறைத்துக்கொள்ளட்டும் என்கின்றன. 2020இல் ஜாக் ஜேம்ஸ் என்ற ஆய்வாளர் பிரிட்டிஷ் மருத்துவ இதழ்க் குழுமத்தின் வெளியீடு ஒன்றில், ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று கிடையாது, அறவே விடுவதே சரி என்று எழுதினார். இதையெல்லாம் படிக்கும் ஒருவர், விஞ்ஞானிகள் இன்றைக்கு ஒன்று சொல்வார்கள், நாளைக்கு மாற்றிச் சொல்வார்கள் என்று கையை உதறிவிடக்கூடும். எனக்கு அந்தச் சலிப்பில் உடன்பாடில்லை. இந்தக் குழப்பத்துக்குத் தெளிவான காரணம் இருக்கிறது, அது மசக்கை. ஆலோசனைகளில் வரும் எண்களுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அவை கருவின் உடலில் அளந்து கண்ட எல்லைகள் அல்ல, நிர்வாகங்கள் ஏதோ ஓரிடத்தில் கோடு போட்டாக வேண்டிய கட்டாயத்தில் போட்ட கோடுகள். இந்த இரண்டையும் மறைத்துவிட்டு எண்ணை மட்டும் நீட்டுவதால்தான் ஆலோசனைகள் ஒன்றோடொன்று மோதுவதுபோலத் தெரிகின்றன.

காப்பி மீது பழி சுமத்துவது புதிதல்ல, ஆனால் கருவை முன்வைத்துச் சுமத்துவது மிகப் புதிது. 1674இல் லண்டனில் காப்பிக்கு எதிரான பெண்களின் விண்ணப்பம் என்று ஒரு துண்டு நூல் வெளியானது. அதில் புகார் ஆண்களைப் பற்றியது: காப்பிக் கடையே கதியென்று கிடந்து ஆண்மை இழந்துவிட்டார்கள் என்பது. அங்கதமாக எழுதியதுதான் என்றாலும் அக்காலத்து அச்சம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதை அது காட்டும். 1819இல் ஜெர்மன் வேதியியலாளர் ருங்கே காப்பிக்கொட்டையிலிருந்து கஃபீனைப் பிரித்தெடுத்தார். அதன்பின் பழி பானத்தை விட்டு அந்த வெள்ளைப் பொடிக்கு மாறியது. 1911இல் டென்னஸியின் சட்டனூகா நகரில் கோகோ-கோலா மீது அமெரிக்க அரசு வழக்காடியபோது கஃபீன் குழந்தைகளைக் கெடுக்கும் என்பது ஒரு வாதம், வயிற்றிலுள்ள சிசு அங்கே பேச்சில் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்நாட்டிலும் காப்பி பெரிய விவாதப் பொருளாக இருந்தது. ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூல் அந்தச் சண்டையை விரிவாகச் சொல்கிறது. பழையதும் நீராகாரமும் இருந்த இடத்தில் காப்பி வந்து உட்கார்ந்துவிட்டதே, உடல் என்னாவது, பண்பாடு என்னாவது என்ற கவலைதான் அங்கே தூக்கலாகத் தெரிகிறது.

கரு பேச்சில் நுழையக் காரணம் காப்பியே அல்ல, தாலிடோமைடு. மசக்கைக் குமட்டலுக்கென்று கொடுத்த அந்த மாத்திரையால் ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்தன. 1961 இறுதியில் அது ஜெர்மனிச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. நஞ்சுக்கொடி ஒரு மதில், தாய் உட்கொள்ளும் தீங்கு அதைத் தாண்டாது என்று மருத்துவ உலகம் அதுவரை பெரும்பாலும் நம்பியிருந்த நம்பிக்கை அதோடு சரிந்தது. அமெரிக்காவில் அந்த மாத்திரையை அனுமதிக்காமல் தடுத்து நிறுத்தியவர் ஃபிரான்சிஸ் கெல்சி. கோயன் தலைமை வகித்த அதே நிர்வாகத்தில் பணியாற்றியவர். 1973இல் தாயின் மதுப்பழக்கத்தால் குழந்தைக்கு வரும் கேட்டுக்கு மருத்துவப் பெயர் சூட்டப்பட்டது. ஆக, 1980இல் விரல் இல்லாத எலிக்குட்டி என்றால் அந்த அலுவலகத்தில் யாருக்கும் எலி கண்ணில் தெரிந்திருக்காது. நுகர்வோர் அமைப்பொன்று காப்பிப் பொட்டலத்தில் எச்சரிக்கை அச்சிட வேண்டுமென்று 1979இலேயே மனுவும் போட்டிருந்தது. இந்தச் சூழலில் வந்த எச்சரிக்கையை அவசரம் என்று குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறை சொல்ல வேண்டியது அதற்குப் பின் நடந்ததை. எச்சரிக்கை தங்கிவிட்டது, அது எந்த ஆதாரத்தின்மேல் நின்றது என்ற தகவல் உதிர்ந்துவிட்டது.

எலியை விட்டு மனிதர்களிடம் வந்தபோது முதலில் தடுக்கியது சிகரெட். 1982இல் பாஸ்டனில் 12,205 பெண்களிடம் செய்த ஆய்வு ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தது. ஒரு நாளைக்கு நான்கு கோப்பையும் அதற்கு மேலும் குடித்தவர்களின் குழந்தைகள் எடை குறைந்தும் முன்கூட்டியும் பிறந்ததாக மேலோட்டமான கணக்கு காட்டியது. புகைப்பழக்கத்தைக் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு மறைந்துபோனது. அன்றைய அமெரிக்காவில் நிறையக் காப்பி குடித்தவர்களே நிறையப் புகைத்தவர்களுமாக இருந்தார்கள். இது போன்ற கலப்படத்தை ஆய்வாளர்களுக்குப் பிரித்தெடுக்கத் தெரியும். யார் புகைக்கிறார்கள் என்று கேட்டுவிட்டால் போதும், பிறகு புகைக்காதவர்களை மட்டும் தனியே வைத்துப் பார்க்கலாம். பிரிக்க முடியாதது இன்னொன்று.

கருவுற்ற முதல் வாரங்களில் பெரும்பாலான பெண்களுக்கு மசக்கை வருகிறது. அப்போது முதலில் வெறுத்துப்போகும் பொருள்களில் காப்பியும் ஒன்று, வறுத்த கொட்டையின் வாசனையே குமட்டும். இந்த மசக்கை கரு நன்றாகப் பற்றி வளர்கிறது என்பதன் அறிகுறி, நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் ஏறுவதோடு சேர்ந்து வருவது. மசக்கை உள்ளவர்களுக்குக் கருச்சிதைவு குறைவு என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மறுபக்கம், நிலைக்கப்போகாத கரு வெளியேறுவதற்குப் பல நாள் முன்பே வளர்ச்சி நின்றுவிடுகிறது. ஹார்மோன் இறங்குகிறது, குமட்டல் தணிகிறது, பெண் மறுபடி காப்பி குடிக்கிறாள். பிறகு கரு கலைகிறது. வெளியிலிருந்து எழுதிக்கொள்பவருக்குத் தெரிவது, காப்பி குடித்தவளுக்குக் கரு கலைந்தது என்பது மட்டும். உண்மையில் கரு நின்றுபோனதால்தான் அவளுக்குக் காப்பி இறங்கியது. இந்தத் தலைகீழ்க் காரணத்தை 1991இல் ஜீனா ஸ்டைனும் மெர்வின் சஸ்ஸரும் தெளிவாக எடுத்து வைத்தார்கள். கஃபீனையும் கருச்சிதைவையும் இணைத்துப் பேசும் எந்த ஆய்வும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். மசக்கை இருந்ததா என்று கேட்டுக் குறித்துக்கொண்டால் போதாது. எத்தனை நாள் இருந்தது, எவ்வளவு கடுமை, எந்த நாளில் தணிந்தது, அந்த நாளில் கரு உயிரோடிருந்ததா என்றெல்லாம் தெரிய வேண்டும். அவ்வளவும் கையில் வைத்திருந்த ஆய்வு அரிது.

1993இல் ஒரே ஆண்டில், அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள் வெளியாயின. பிப்ரவரியில் வந்தது மில்ஸ் குழுவினருடையது. கரு உண்டான 21 நாளுக்குள்ளேயே சேர்த்துக்கொண்ட 431 பெண்களைப் பின்தொடர்ந்து, 300 மில்லிகிராமுக்குக் கீழே ஆபத்து கூடவில்லை என்றது. டிசம்பரில் வந்தது கனடாவின் இன்ஃபான்ட்-ரிவார்ட் குழுவினருடையது. கருவை இழந்த 331 பெண்களை, கரு நிலைத்த 993 பெண்களோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு 100 மில்லிகிராமுக்கும் ஆபத்து ஏறுகிறது என்றது. செய்தியாகப் படித்தால் இரண்டும் முட்டிக்கொள்கின்றன. ஆய்வு நடந்த விதத்தைப் பார்த்தால் அவ்வளவு வியப்பில்லை. முதல் குழு முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தது. இரண்டாவது, இழப்பு நேர்ந்த பிறகு கேட்டது. கருவைப் பறிகொடுத்த பெண் தான் என்ன சாப்பிட்டோம், என்ன குடித்தோம் என்று ஒவ்வொன்றாகத் துருவி நினைவுகூர்வாள், நல்லபடியாகப் போய்க்கொண்டிருப்பவள் அப்படித் துருவமாட்டாள். வாய்மொழியையே நம்பாத ஆய்வும் வந்தது. 1959 முதல் 1966 வரை சேமித்து வைத்திருந்த கர்ப்பிணிகளின் இரத்த மாதிரிகளில், கஃபீன் உடைந்து உண்டாகும் பொருளை அளந்த ஓர் ஆய்வு 1999இல் வெளியானது. மிக மிக உயர்ந்த அளவில் மட்டுமே கருச்சிதைவோடு தொடர்பு தெரிந்தது. அடுத்த ஆண்டு ஸ்வீடனின் உப்சாலா ஆய்வு, புகைக்காத பெண்களிடம் குறைந்த அளவிலேயே தொடர்பு தென்படுவதாகச் சொல்லி மீண்டும் கிளப்பிவிட்டது.

200 என்ற எண்ணுக்கு வருவோம். சான் பிரான்சிஸ்கோ பகுதியில் 1,063 பெண்களிடம் செய்து 2008 ஜனவரியில் வெளியான ஆய்வு, 200 மில்லிகிராமும் அதற்கு மேலும் அருந்தியவர்களுக்குக் கருச்சிதைவு இருமடங்கு என்றது. அதே மாதம் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வு தொடர்பே காணவில்லை. முன்னது உலகமெங்கும் செய்தியானது, பின்னதைக் கண்டுகொண்டவர்கள் குறைவு. அந்த நவம்பரில் பிரிட்டனின் லீட்ஸ், லெஸ்டர் நகரங்களைச் சேர்ந்த 2,635 பெண்களை ஆராய்ந்த முடிவு வந்தது. கஃபீன் கூடக்கூடக் குழந்தை வயிற்றில் வளர்ச்சி குன்றும் வாய்ப்பும் கூடுகிறது என்றது. பிரிட்டனின் உணவுத்தர முகமை அதுவரை 300 என்றிருந்த வரம்பை உடனே 200 ஆக்கியது. ஆனால் அந்த ஆய்வில் 200இல் ஒரு படிக்கட்டு இல்லை. கோடு அடியிலிருந்தே சாய்வாக ஏறியது, இன்ன இடத்துக்குக் கீழே ஒன்றும் ஆகாது என்று அது காட்டவில்லை. அப்படியானால் 200 எங்கிருந்து வந்தது? மக்கள் பின்பற்றக்கூடியதாகவும், முன்னதைவிடக் கண்டிப்பானதாகவும், இரண்டு கோப்பை என்று எளிதில் சொல்லக்கூடியதாகவும் இருக்கும் ஓர் எண் வேண்டியிருந்தது என்றுதான் நான் படிக்கிறேன். இதில் இன்னொரு வேடிக்கை: அந்தப் பிரிட்டிஷ் பெண்களின் கஃபீனில் 62 விழுக்காடு தேநீரிலிருந்து வந்தது, காப்பியின் பங்கு 14 தான். ஆனாலும் உலகம் அதைக் காப்பி எச்சரிக்கையாகவே வாங்கிக்கொண்டது.

இவற்றுக்கெல்லாம் முன்பே, 2007இல், டென்மார்க்கில் ஓர் ஆய்வு வேறு வழியில் போனது. நாளுக்கு மூன்று கோப்பைக்குக் குறையாமல் குடித்துக்கொண்டிருந்த 1,207 கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சாதாரண உடனடிக் காப்பித்தூளும் மறுபாதிக்குக் கஃபீன் நீக்கிய தூளும் கொடுத்தார்கள். யாருக்கு எது போகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. குலுக்கலில் பிரித்ததால் மசக்கையும் சிகரெட்டும் இரு பக்கமும் சமமாகப் போய்விழும். பிறந்த குழந்தைகளின் சராசரி எடையில் வித்தியாசம் 16 கிராம், அதாவது கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. இதையும் அளவுக்கு மீறிக் கொண்டாடக்கூடாது. பெண்கள் சேர்ந்தது மூன்று, நான்கு மாதம் கடந்த பிறகு, ஆகவே முதல் மாதங்களின் கருச்சிதைவைப் பற்றி இது எதுவும் சொல்லாது.

இந்த இடத்தில் வலுவான எதிர்வாதம் ஜேம்ஸுடையது. தொடர்பு கண்ட ஆய்வுகளே பெரும்பான்மை, அளவு கூடக்கூடத் தீங்கும் கூடுவதாகப் பலவும் சொல்கின்றன, இதைத் தற்செயல் என்று ஒதுக்கலாமா என்கிறார். உடலியலும் அவர் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. சாதாரணமாக உடலிலுள்ள கஃபீனில் பாதி ஐந்து மணி நேரத்தில் கழிந்துவிடும். நிறைமாதத்தில் அதற்குப் பதினைந்து மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். கஃபீன் நஞ்சுக்கொடியைத் தடையின்றிக் கடக்கிறது, அதைச் சிதைக்கும் நொதி சிசுவிடம் இல்லை. இவை மறுக்க முடியாத உண்மைகள். ஆனால் ஒரே குறை கொண்ட நாற்பது ஆய்வுகளைக் கூட்டினால் குறை நாற்பது மடங்கு உறுதியாகுமே தவிர நீங்காது. அளவோடு ஏறும் தீங்கு என்பதையும் மசக்கையே உண்டாக்கிவிட முடியும். குமட்டல் கடுமையாக உள்ளவள் ஒன்றும் குடிப்பதில்லை, மிதமாக உள்ளவள் ஒரு வேளை குடிக்கிறாள், இல்லாதவள் வழக்கம்போல் நான்கு வேளை குடிக்கிறாள். கஃபீன் சிசுவை எட்டுகிறது என்பதாலேயே அது நஞ்சு என்றாகிவிடாது. குறைமாதக் குழந்தைகளின் மூச்சு நின்று நின்று வரும்போது மருத்துவமனைகளில் கொடுக்கும் மருந்தே கஃபீன்தான். 2,006 குழந்தைகளிடம் நடந்து 2006இல் வெளியான பெரிய சோதனை அதனால் நுரையீரல் பாதிப்பு குறைவதைக் காட்டியது. பிறந்த பின் மருந்தாவது பிறக்கும் முன் கேடாகாது என்பதற்கு இது சாட்சியல்ல, பருவம் வேறு. எட்டுவது வேறு கெடுப்பது வேறு என்ற அளவில் இதை எடுத்துக்கொண்டால் போதும்.

சரி, சந்தேகம் இருக்கும்போது விட்டுவிட்டால் என்ன நட்டம், ஒன்பது மாதம்தானே என்று கேட்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நட்டம் காப்பியின் சுவையில் இல்லை. கருவுற்றது தெரிந்த பிறகு நேரும் சிதைவுகள் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை. தொடக்க மாதங்களில் நேர்பவற்றில் ஏறக்குறையப் பாதி, குரோமோசோம் கோளாறால் கருத்தரித்த அன்றே முடிவாகிவிட்டவை. இப்படி ஓர் இழப்பு நேர்ந்த வீட்டில், காப்பியே ஆகாது என்ற அறிவுரை ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தால், பழி போய் விழும் இடம் ஒன்றுதான். அன்றைக்கு அவள் குடித்த ஒரு டம்ளரை மாமியாரும் நாத்தனாரும் மறக்கமாட்டார்கள், அவளும் மறக்கமாட்டாள். ஆதாரம் உறுதியாக இருந்தால் அந்த விலையும் கொடுக்கத் தகும். புகையிலைக்கும் மதுவுக்கும் ஆதாரம் அப்படி இருக்கிறது. அந்த இரண்டையும் காப்பியோடு ஒரே பட்டியலில், ஒரே குரலில் சொல்லும்போது கனமான எச்சரிக்கையின் கனமும் குறைந்துபோகிறது. அதற்காக இஷ்டம்போல் குடிக்கலாம் என்பதில்லை. மிக உயர்ந்த அளவில் இரத்த மாதிரி ஆய்வுகூடத் தொடர்பைக் கண்டது, கஃபீன் உடலில் தங்கும் நேரமும் நீள்கிறது. இரண்டு வேளையோடு நிறுத்துவது ஒரு நல்ல வழக்கம் என்ற அளவில் 200ஐ நான் ஏற்கிறேன். 201இல் ஏதோ நடந்துவிடும் என்ற பொருளில் அல்ல.

எண் ஊர் மாறும்போது இன்னும் தளர்கிறது. கிளாஸ்கோ நகரக் கடைகளில் வாங்கிய எஸ்பிரஸோக்களை அளந்தபோது ஒன்றில் 51 மில்லிகிராம், இன்னொன்றில் 322 இருந்தது. நம் டம்ளரை எப்படி அளப்பது? காப்பியும் சிக்கரியும் கலந்த பொடியில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்பது இங்குள்ள சட்டம். சிக்கரியில் கஃபீன் கிடையாது. ஆகவே முழுக் காப்பிப்பொடி வாங்கும் வீட்டுக்கும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி கலந்து வாங்கும் வீட்டுக்கும் ஒரே டம்ளரில் இருமடங்கு வித்தியாசம் வரலாம். முதல் டிகாக்‌ஷனா இரண்டாவதா என்பது அதற்கு மேல். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 150 மில்லி வடித்த காப்பிக்கு 80 முதல் 120 மில்லிகிராம் என்றும், உடனடிக் காப்பிக்கு 50 முதல் 65 என்றும் கணக்குச் சொல்லி, எல்லோருக்கும் பொதுவாக 300ஐத் தாண்ட வேண்டாம் என்கிறது. அதே வழிகாட்டியில் அதைவிட நமக்கு வேண்டிய வரி ஒன்று உண்டு. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காப்பி, தேநீர் வேண்டாம் என்பது அது. காரணம் கஃபீன் அல்ல. இவற்றிலுள்ள டானின் போன்ற பொருள்கள் உணவின் இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன, உடலுக்குச் சேரவிடுவதில்லை.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. லீட்ஸ் பெண்ணுக்கு வகுத்த மில்லிகிராம் கணக்கு இவர்களுடைய முதல் கவலை அல்ல. கடுமையான இரத்தசோகையால் குறைப்பிரசவமும் எடைக் குறைவும் வரும் என்பதற்கு, கஃபீனுக்கு இருப்பதைவிட உறுதியான ஆதாரம் இருக்கிறது. நம் சோற்றிலும் பருப்பிலும் கீரையிலும் வரும் இரும்பு, இறைச்சியின் இரும்பைவிட எளிதில் தடைபடுவது வேறு. 1983இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில், ஒரு வேளை உணவோடு காப்பி குடித்தபோது இரும்பு சேர்வது 39 விழுக்காடும், தேநீர் குடித்தபோது 64 விழுக்காடும் குறைந்தது. அதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்த காப்பி இரும்பைத் தொடவே இல்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்த காப்பியோ உணவோடு சேர்த்துக் குடித்ததைப் போலவே தடுத்தது. பின்னால் ஒரு மணி நேரம் என்ற இடைவெளி போதாது என்றுதான் இதைப் பார்த்தால் சொல்லத் தோன்றுகிறது. விடிந்ததும் பல் தேய்த்துக் குடிக்கும் காப்பியால் இந்தக் கணக்கில் கெடுதல் இல்லை. இட்லி சாம்பாரை முடித்த கையோடு, சில வீடுகளில் இரும்பு மாத்திரையையும் போட்டுக்கொண்டு குடிக்கும் இரண்டாவது டம்ளர்தான் இடிக்கிறது. கஃபீன் அளவில் இரண்டு டம்ளரும் ஒன்றே, பெரும்பாலும் 200க்கு உள்ளேயே அடங்கிவிடுகின்றன.